குளியலறை பல்பு

ஜனவரி. ஓஸ்ட்ராவாவில் மைனஸ் பதினான்கு.
ஆறாவது மாடியில், எங்கள் குளியல் தொட்டியின் மேல்
ஒரு பழைய கதவுப் பலகை,
பலகை மேல் கண்ணாடித் தொட்டி,
அதன் மேல் என் கறுப்புக் கோட்டு.
லூபோர் கேளாமலே எடுத்துப் போர்த்தியது.
"நியான் முட்டைக்கு வெளிச்சம் ஆகாது" என்றான்.
எனக்குக் குளிர் ஆகுமா என்று கேட்கவில்லை.

குளிக்க அக்கா ஹெட்விகா வீட்டுக்குப் போனேன்,
துண்டும் சோப்பும் பையில் வைத்து, டிராமில்.
சில நாள் அந்த டிராமை ஓட்டியதே அவன்தான்.
நான் இறங்கும்போது மணியை ஒருமுறை அடிப்பான்.
அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சு.

இரண்டாம் இரவு, தூக்கக் கலக்கம்.
இருபத்தாறு வருஷமாய் அதே சுவரில் அதே உயரத்தில்
இருக்கிற சுவிட்சுக்குக் கை தானாய்ப் போயிற்று.
கோட்டு ஒரு பக்கம் நழுவிக் கிடந்தது.
என்ன பார்த்தேன் என்றால் சொல்லத் தெரியாது:
தண்ணீர். வலைக்கு அடியில்
உப்புப் பொடி போல் ஏதோ.
அணைத்தேன்.
மூன்று நொடி இருக்கும்.
ஐந்தாகவும் இருக்கலாம்.

காலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தான்.
நான் வாய் திறக்கவில்லை.
மாலையில் பார்க்கிறேன், பல்பைக் காணோம்.
வெறும் ஹோல்டர் கூரையிலிருந்து என்னைப் பார்த்தது.
கோட்டின் பொத்தான் பக்கத்தை மாற்றிப் போர்த்தினேனோ?
அவனும் வாய் திறக்கவில்லை.

பிறகு பூஞ்சை பிடித்த முட்டைகளைக்
குழாயால் உறிஞ்சி எடுத்தான்,
ஒவ்வொன்றாய், சத்தமாய் எண்ணி.
நான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
எண்பத்தாறு. எண்பத்தேழு.
அதில் என்னுடையவை எத்தனை?
விளக்கால் கெட்டது எது, தானாய்க் கெட்டது எது
என்று தண்ணீர் பிரித்துச் சொல்லாது.
தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

பொரித்தவை கண்ணாடியில் தொங்கின,
முகம் கழுவும்போது உதிர்கிற இமைமுடி போல.
மூன்று நாள் அசைவில்லை.
நான்காம் நாள் ஒன்று விட்டுக் கொடுத்து விழுந்தது,
விழவில்லை, நீந்தியது.

அவனுக்கு மறுபடி இரவு ஷிஃப்ட்.
குளிர்ப்பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனான்:
பதினொரு மணிக்கு மூன்று சொட்டு. நான்கு அல்ல.
வாழைப்பழத் தோல் ஊறிய அந்த ஜாடியின் நாற்றத்தை
ஹெட்விகா என் தலைமுடியில் கண்டுபிடித்தாள்.
அதற்குள் எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறதாம்,
இதுகளின் வாய்க்குப் பொருந்துகிற அளவில்.
நான் நம்பித்தான் ஊற்றினேன்.

அடுத்த வாரம் ஆர்டீமியா.
கவிழ்த்துக் கட்டிய பாட்டிலில் உப்புத் தண்ணீர்
இரவெல்லாம் கொப்புளித்தது,
கெட்ட வயிறு போல, என் தலைமாட்டில்.
பொரித்த இறால்பொடியை வடிகட்ட
என் பட்டுக் கழுத்துத்துணி.
கோட்டு போயிற்று, துணியும் போயிற்று,
இனி என்ன, என்னையே கேட்பான் என்று நினைத்தேன்.

டார்ச்சின் முகத்தில் அட்டை ஒட்டி
ஊசியால் ஒரு துளை போட்டிருந்தான்.
இப்போது வெளிச்சம் வேண்டுமாம். கடுகளவு.
கை நடுங்கியது எனக்கு.
அந்தப் புள்ளிக்கு முதலில் இரை வந்தது,
ஆரஞ்சுத் தூசி, துடித்துத் துடித்து.
பின்னால் அவை. ஒன்று வளைந்தது, நின்றது,
பாய்ந்தது.
உடம்பு முழுக்கக் கண்ணாடி, ஆகவே
தின்றது தெரிந்தது:
வயிற்றில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு.
இன்னொன்றிலும். அங்கே இன்னொன்று.
மணி ஒன்றரை. என் கால் மரத்துப்போயிற்று.

விடியலில் வந்தான், பூட்ஸில் பனி.
"எத்தனை?"
"நிற்கவே மாட்டேன் என்கிறது, எப்படி எண்ண?"
பிறகு கேட்டேன்: "பல்பு எங்கே?"
சீருடையின் உள்பையிலிருந்து எடுத்து
ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்,
கைக்குட்டை சுற்றிய பல்பை.
இத்தனை நாளும் டிராமில்
ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது, உடையாமல்.

நாற்காலியை இழுத்து ஏறப் போனான்.
"இப்போது வேண்டாம்" என்றேன்.
"இன்னும் ஒரு வாரம் போகட்டும்."